பழைய மனையும் பலகைத் தளமும்

ஒரு மனைக்குள் நுழைவோர் முதற்கண் நோக்குவது அதன் முகப்பை, பின்னர்த் தூண்களை, அதன் பின்னர்ச் சுவரையும் விதானத்தையும். தம் அடியைத் தாங்கும் தளத்தை நோக்குவார் மிகச் சிலரே. தாங்குவதை மறத்தலும் தோன்றுவதைப் போற்றுதலும் உலகியல்பு போலும்! ஆயினும் பழைய மனைகளில் பெரிதும் உழைத்துத் தேய்ந்தது தளமே. பழுது பார்ப்போர் கையிற் பெரிதும் துன்புறுவதும் அத் தளமே. பலகை பாவிய பழைய தளங்களை எங்ஙனம் செப்பனிடல் வேண்டும், புதிய பலகையைப் பழைய பலகையோடு எங்ஙனம் இணக்குதல் வேண்டும் என்பன குறித்து எனக்குத் தோன்றியவற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன். தச்சுத்தொழில் பயிலாத தமிழ் மாணாக்கன் ஒருவனுக்கு இதிற் பேச என்ன உரிமை என வினவுவார்க்குரிய விடை, கட்டுரையின் இடையே தானே புலப்படும்.

சென்ற கோடை விடுமுறையை மலைநகர் ஒன்றில் என் தாய்மாமன் இல்லத்திற் கழித்தேன். அவர் வாடகைக்குக் குடியிருப்பது நூறாண்டைக் கடந்த ஒரு பங்களா. அதன் கூடம் முழுவதும் தேக்குப் பலகை பாவியது. முன்னொரு முறை ஐப்பசி மழையில் ஓடு பெயர்ந்து, கூடத்தின் மூலையில் நீர் தேங்கி, ஆறேழு பலகைகள் உளுத்துப்போயின. வீட்டுக்குரியவர் ஓர் ஒப்பந்தக்காரரை அனுப்பினார். அவர் பழுதுற்ற இடத்தைச் சதுரமாக அறுத்தெடுத்தார். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தைப் பச்சையாகவே அறுத்து வந்து பதித்தார். தேக்கின் நிறம் தோன்றச் சாயம் பூசினார். கூலி பெற்றுச் சென்றார். அன்று பார்த்தவர்க்குப் புதியது எது, பழையது எது என்று தெரியவில்லையாம். மாசி மாத வறட்சி வந்தது. பச்சை மரம் சுருங்கிற்று. பலகைகளின் ஓரங்கள் கவிழாத ஓடுபோல் மேலெழுந்தன. ஒருநாள் விடியற்காலையில் ஜெபத்திற்கு எழுந்த என் பாட்டியார் அவ் விளிம்பில் இடறி வீழ்ந்து வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பு கூடிற்று, ஆயினும் இன்றுவரை அக் கையாற் குடம் தூக்க அவரால் இயலவில்லை. தளத்தைப் பற்றி யான் சிந்திக்கத் தொடங்கியது அன்று முதலே.

பழைய ஆடைக்குக் கோடித் துணியை ஒட்டுப்போடும் உவமையை ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிற் கேட்டு வளர்ந்தவர் நம்மிற் பலர். இன்னும் நனைந்து சுருங்காத துணி, பின்னர்ச் சுருங்குங்கால் பழையதையும் உடன் இழுத்துக் கிழிக்கும் என்பது அதன் உலகியற் பொருள். துணிக்குக் கூறிய அது மரத்திற்கும் முற்றப் பொருந்தும்.

மரம் வெட்டுண்ட பின்னும் ஒருவகையில் உயிர்ப்புடையது. காற்றில் ஈரம் மிகுந்தால் அதனை உண்டு பருக்கும். ஈரம் குறைந்தால் அதனை உமிழ்ந்து சுருங்கும். இவ் வேறுபாடு பலகையின் நீளத்தில் ஏறக்குறைய இல்லை; அகலத்திலேயே நிகழும். அதனினும் அறியத்தக்கது ஒன்றுண்டு. ஆண்டு வளையங்களைத் தழுவிச் செல்லும் திசையில் நிகழும் சுருக்கம், நடுவினின்று பட்டையை நோக்கிச் செல்லும் திசையில் நிகழ்வதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ஆகலின் ஒரே மரத்தினின்று எடுத்த பலகைகளாயினும், வளையங்கள் செங்குத்தாக நிற்க அறுத்தது அமைதியாக இருக்கும். வளையங்கள் படுத்திருக்க அறுத்தது நெளியும். உள்வைரம் உடையதை மரமென்றும் புறவைரம் உடையதைப் புல்லென்றும் வகுத்த தொல்காப்பிய மரபியல், வைரத்தை முதன்மையாக வைத்தது எத்துணைப் பொருத்தம் என்பது தச்சரைக் கேட்டால் விளங்கும். வைரத்தை விட்டு வெளிறு கலந்த பலகை, வண்டுக்கும் செல்லுக்கும் இரையாதல் ஒருதலை.

பலகைத் தளம் பெருவழக்காக உள்ள இடங்கள் இங்கிலாந்து முதலிய குளிர்நாடுகளும் அமெரிக்காவுமாம். 1666-ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின்னர் இலண்டன் மாநகரைப் புதுக்குவதற்கு நார்வே, பால்டிக் கடற்கரை நாடுகளினின்று ஊசியிலை மரங்கள் மிகுதியாக வந்திறங்கின. அக் காலத்துப் பலகைகள் அகன்றவை. விளிம்பு நேராக வெட்டப்பெற்றவை. மேலிருந்து ஆணி அறைந்து பிணித்தவை. மேற்பக்கத்தை மட்டும் இழைத்து, அடிப்பக்கத்தைக் கரடாகவே விட்டு, உத்திரத்தின்மேல் அமரும் இடத்தை மட்டும் வாய்ச்சியாற் செதுக்கி மட்டம் செய்தனர். அமெரிக்காவில் உட்வொர்த் என்பவர் 1828-இல் உரிமை பெற்ற இழைப்பு இயந்திரம், பலகையின் ஓர் ஓரத்தில் நாக்கும் மற்றோர் ஓரத்திற் காடியும் வெட்டவல்லதாயிற்று. அதன் பின்னரே நாக்கைக் காடியிற் செருகி ஆணி தோன்றாமற் பிணிக்கும் குறும்பலகைத் தளம் மெல்ல மெல்லப் பரவிற்று. எனவே பலகையின் அகலம், விளிம்பு, அடிப்பக்கம், ஆணி ஆகிய நான்கையும் பார்த்து, ஒரு தளம் இட்ட காலத்தை ஓரளவு கணிக்கலாம். கொல்லன் கையால் அடித்த ஆணி முந்தியது, இயந்திரம் தகட்டினின்று வெட்டிய ஆணி அடுத்தது, கம்பியாணி பிந்தியது. கல்வெட்டின் எழுத்தமைதி கொண்டு காலம் கூறும் முறைக்கும் இதற்கும் வேற்றுமை யாது?

நம் நாட்டிலோ வெப்பமும் கறையானும் காரணமாகக் கல்லும் சுண்ணமுமே தளத்திற்கு ஏற்றனவாயின. தேக்கு உத்திரங்களின்மேற் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணச்சாந்து இடும் கட்டைக்குத்துத் தளம் சென்னையின் பழைய கட்டடங்களிற் பலவற்றிற் காணப்படும். ஆயினும் மச்சுப்பலகை இட்ட மாடிகளும், குளிருக்கு அஞ்சிப் பலகை பாவிய மலைநகர் பங்களாக்களும் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. செட்டிநாட்டு மாளிகைகள் பருமாத் தேக்கால் நிமிர்ந்தன. மலையாள மாவட்டத்துக் கலெக்டர் கனோலியும் அவருக்குத் துணைநின்ற சாத்து மேனனும் 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் இட்டமைக்குக் காரணம், இயற்கைக் காடு அதற்குள்ளாகவே கோடரிக்கு இரையாகி அருகியமையே.

ஈண்டு ஓர் உண்மையை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். பழைய தளத்திற் கிடக்கும் மரம், இன்று கடையிற் கிடைக்கும் மரம் அன்று. அமெரிக்காவின் தென்பகுதியில் நீளிலைப் பைன் காடுகள் ஒருகாலத்து ஏறக்குறைய 9 கோடி ஏக்கரிற் பரந்திருந்தன. இன்று அதிற் பத்தில் ஒரு பங்கும் இல்லை. செஸ்நட் மரத்தைப் பற்றிய பூசணநோய் 1904-இல் நியூயார்க்கிற் காணப்பட்டது. அரை நூற்றாண்டிற்குள் கோடிக்கணக்கான மரங்கள் மாண்டன. மியன்மா அரசு 2014-இல் வெட்டுமரம் ஏற்றுமதியைத் தடுத்தது. பல நூறாண்டு மெல்ல வளர்ந்து நெருங்கிய வளையங்களோடு நின்ற மரத்திற்கும், விரைந்து வளரச் செய்து சில பத்தாண்டுகளில் வெட்டும் மரத்திற்கும் எடையிலும் உறுதியிலும் ரேகையிலும் வேற்றுமை மிகுதி. ஆகவே பழைய தளத்தைப் பெயர்த்து விறகாக்குவோர் தம் வீட்டுப் பொருளை மட்டும் அழிக்கின்றாரல்லர். மீளாது மறைந்துபோன ஒரு காட்டின் எச்சத்தையே அழிக்கின்றனர்.

செப்பனிடுவோர் இழைக்கும் பிழைகள் மூன்று. பழுது ஓரிடத்திருப்ப முழுத் தளத்தையும் பெயர்த்தல் முதலாவது. இது சிரங்கிற்குத் தோலை உரித்தலை ஒக்கும். இரண்டாவது, இயந்திரத்தால் தேய்த்துத் தேய்த்துப் புதிதாக்குதல். 3/4 அங்குலக் கனமுள்ள நாக்குப் பலகையில் நாக்கிற்கு மேல் நிற்கும் மரம் ஏறத்தாழ 1/4 அங்குலமே. ஒருமுறை இயந்திரம் ஓட்டினால் ஏறத்தாழ 1/32 அங்குலம் தூளாகப் போகும். கைத்திறமில்லாதவர் ஓட்டினால் அதனினும் மிகும். சிலமுறை தேய்த்தபின் ஆணித்தலைகள் வெளிப்பட்டுக் காடியின் உதடு பிளக்கும். அன்றியும் நூறாண்டு வெயிலும் காலடியும் சேர்ந்து ஈட்டிய நிறம் ஒரு பகற்பொழுதில் மறையும். பழைய வண்ணப்பூச்சில் ஈயமும், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மரத்தின்மேல் ஒட்டிய ஓடுகளிலும் கரும்பசையிலும் கல்நாரும் இருத்தல் கூடும். ஆராயாது தேய்ப்பார் அத் தூளைத் தம் மக்கள் மூச்சிற் கலப்பவராவர். மூன்றாவது பிழை, என் மாமன் வீட்டில் நிகழ்ந்தது: இனம் வேறு, பருவம் வேறு, அறுத்த முறை வேறாக இருக்கச் சாயம் ஒன்றால் ஒப்புமை காட்டுதல். முகம் ஒன்றுபட அகம் வேறுபட்ட நட்பு எத்தகையதோ அத்தகையதே இதுவும்.

பாட்டியார் வீழ்ந்த பின்னர், வீட்டுக்குரியவரை எதிர்பாராமல் மாமனே ஒரு முதிய தச்சரை அழைத்தார். அவர் வந்த அன்று உளியைத் தொடவில்லை. முழந்தாளிட்டு அமர்ந்து, தளத்தை நெடுநேரம் கையால் தடவிப் பார்த்தார். துணியைச் சாராயத்தில் நனைத்து ஒரு மூலையிற் பூசிப் பார்த்தார். மெருகு இளகித் துணியில் ஒட்டிற்று. "தம்பி, இஃது அரக்கு, வார்னிஷ் அன்று. இதன்மேல் இதுவே பூசவேண்டும்" என்றார். நம் காடுகளில் மரக்கிளைகளிற் சிறு பூச்சிகள் உமிழும் அரக்கே மேல்நாட்டுத் தளங்கட்கும் மெருகூட்டச் சென்றது என்பதை யான் பின்னரே படித்தறிந்தேன்.

அடுத்து அவர் செய்ததே என்னை வியப்பில் ஆழ்த்திற்று. கூடத்திற்குப் புதுப்பலகை தேடாமல், பின்கட்டில் இருள்சூழ்ந்த சாமான் அறையின் தளத்தைத் திறந்தார். கூடத்திற்கு இட்ட நாளிலேயே, அதே மரத்தால், அதே அகலத்தில் இட்ட பலகைகள் அங்கே இருந்தன. அவற்றுட் சிலவற்றை நோகாமற் பெயர்த்துக் கூடத்திற்கு ஆக்கினார். வெறுமையான சாமான் அறைக்கே புதுத் தேக்கு வந்தது. அதுவும் உடனே பதிக்கப்படவில்லை. குறுக்குக் கட்டைகள் இட்டு, காற்றுப் புக அடுக்கி, ஒரு மாதத்திற்கு மேல் அவ்வறையிலேயே கிடத்தினார். வீட்டின் ஈரமும் வறட்சியும் அதற்குப் பழகவேண்டுமாம். கூடத்திலோ, சதுரமாக வெட்டிய பழைய வடுவை அப்படியே விடாமல், ஒரு பலகையை நீட்டியும் அடுத்ததைக் குறைத்தும், முனைகள் ஒரே கோட்டில் நில்லாவாறு வெவ்வேறு உத்திரங்களின்மேல் முடியச் செய்தார். விரற்கிடை இடைவெளிகளிற் பசையும் தூளும் அடைக்க வேண்டாம் என்றார். மழைக்காலத்திற் பலகை பருக்கும்போது அவை புடைத்து உதிரும் அல்லது பலகையையே நெரிக்கும். மெல்லிய மரச்சீவலை ஒரு பக்கம் மட்டும் ஒட்டிச் செருகினார். இயந்திரம் இன்றிச் சாராயத் துணியாலும் மென்மையான உப்புத்தாளாலும் அழுக்கை மட்டும் நீக்கி, அரக்கு மெருகைப் பலமுறை நீர்க்கப் பூசினார். புதிதாய் இழைத்த தேக்கு முதலில் வரிவரியாய்த் திட்டுப்பட்டிருக்கும்; வெளிச்சம் படப்படத் தானே பொன்னிறமாகும்; ஆகவே புதியதற்குச் சாயம் வேண்டா, காலம் போதும் என்பது அவர் கொள்கை.

இறுதியாக ஒன்று. பதித்த ஒவ்வொரு பலகையின் அடியிலும் அவர் உளியால் ஆண்டினைப் பொறித்தார். மேலே தெரியாததற்கு ஏன் இந்த உழைப்பு என்றேன். "எனக்குப் பின் ஒருவன் இதைத் திறப்பான், தம்பி, அவன் ஏமாறக் கூடாது" என்றார்.

அம் முதியவர் அறிந்தோ அறியாமலோ, மேல்நாட்டறிஞர் நூறாண்டுக்கு மேலாக வாதிட்டுவரும் ஒரு வழக்கிற்குத் தீர்ப்புக் கூறிவிட்டார். பழையதைப் புதுக்குதல் என்னும் பெயராற் பொய்யைப் படைக்கின்றனர் என ரஸ்கின் 1849-இல் வெளியான தம் நூலிற் சினந்தார். அவர் வழிவந்த வில்லியம் மாரிஸ் 1877-இற் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். பழஞ்சுவர்களைச் சுரண்டிப் புதுக்குவதை எதிர்த்தமையால் அதற்குச் 'சுரண்டல் எதிர்ப்பு' என்பது போன்ற செல்லப்பெயரும் வழங்கிற்று. 1964-இல் வெனிஸ் நகரில் வகுத்த பட்டயம், இழந்த உறுப்புக்கு ஈடாக வைப்பது முழுமையோடு இயைந்தும் இருத்தல் வேண்டும், பழையதினின்று வேறென அறியக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும் என விதித்தது. இயைதலும் வேறுபடுதலும் ஒருங்கே எங்ஙனம் கூடும் என மயங்குவார் பலர். இணக்கமே நோக்கமெனக் கொண்டு கண்ணை ஏய்ப்பார் ஒருசாரார். உண்மையே நோக்கமெனக் கொண்டு கூடத்தின் நடுவே வெள்ளைத் தேமல்போல் ஒட்டு வைப்பார் மற்றொரு சாரார்.

இவ்விடத்தே தமிழ் மாணாக்கனுக்குள்ள உரிமை புலனாகும். டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1894-இற் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏட்டிற் சிதைந்த இடங்களைத் தம் புலமையால் நிரப்பியிருக்கலாம். நிரப்பினும் கண்டுபிடிப்பார் அக்காலத்து எத்துணைப் பேர் இருந்திருப்பர்? அவர் அது செய்திலர். சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினார். கிடைக்காத இரு பாட்டுகளைக் கிடைக்காதன என்றே விட்டார். அப் புள்ளிகள் குறையல்ல. அவர் நேர்மையின் முத்திரைகள். அவை இருப்பதனாலன்றோ ஏனைச் சொற்களை நாம் ஐயமின்றி நம்புகின்றோம்?

ஆனால் தளத்திற்குப் புள்ளியிட இயலாது. இட்டால் கால் உள்ளே போகும். ஆகவே தச்சன் கடமை பதிப்பாசிரியன் கடமையினும் ஒருபடி அரியது. அவன் இடைவெளியை நிரப்பியே ஆகவேண்டும். நிரப்பியும் பொய் கூறாதிருத்தல் வேண்டும். நின்று நோக்குவார் கண்ணுக்குத் தளம் ஒன்றாகத் தோன்றுக. குனிந்து ஆராய்வார் கண்ணுக்குப் புதியது வேறெனத் தெரிக. பெயர்த்துப் பார்ப்பார்க்கு ஆண்டும் கிடைக்க. இதுவே என் துணிபு. மரத்தின் இனத்திலும் பருவத்திலும் அறுத்த முறையிலும் அகலத்திலும் ஒப்புமை தேடுதல் மெய்யான இணக்கம். நிறத்தில் மட்டும் ஒப்புமை தேடுதல் நடிப்பு.

இதற்கு மறுப்பாகக் கூறப்படுவன இரண்டு. இத்துணைச் செலவு யார் செய்வார், ஓடு பதித்தால் எளிதன்றோ என்பது முதலாவது. உண்மையே, உத்திரம் முழுவதும் செல்லரித்த இடத்தும், ஏழைக் குடும்பம் மழைக்கு அஞ்சும் இடத்தும் பழமையின் பெயரால் யாரையும் வருத்துதல் அறமன்று. ஆனால் என் மாமன் வீட்டில் முதலிற் செய்த மலிவான வேலைக்குக் கொடுத்த பணமும், அதனைப் பெயர்க்கக் கொடுத்த கூலியும், பாட்டியாரின் மருத்துவச் செலவும் கூடி முதிய தச்சர் பெற்ற ஊதியத்தை விஞ்சின. மலிவு எது என்பதை ஓராண்டு கழித்தே கணக்கிடல் வேண்டும்.

இரண்டாம் மறுப்பு வலியது. இம் மலைநகர் பங்களாக்கள் நம்மை ஆண்டவர் தம் இன்பத்திற்குக் கட்டியவை. அவர்தம் காலடி பட்ட பலகையை நாம் ஏன் போற்றுதல் வேண்டும் என்பர். யானும் இதனை எண்ணிப் பார்த்தேன். இங்கிலாந்தின் விக்டோரியா காலத்து வீடுகளிலேயே தளத்தின் ஓரத்திற்கு மட்டும் சாயமிட்டு, நடுவிற் கம்பளம் விரித்து மூடினர். பலகை அவர்கட்குக் காட்சிப்பொருளாகவும் இல்லை. அவர்கள் மிதித்தனர், அவ்வளவே. மலையேறி மரம் சுமந்தோர் யார்? அறுத்தோரும் இழைத்தோரும் யார்? பலகையின் மேற்பக்கம் குடியிருந்தவருடையதாயின், இழைக்காத அடிப்பக்கம் நம்மவருடையது. அங்கே அவர்களின் உளித்தழும்பு இன்றும் இருக்கின்றது. அவர்கள் பெயரை எழுதிவைத்தார் ஒருவரும் இலர். அத் தழும்பு ஒன்றே அவர்கள் கையெழுத்து. அதனைத் தீயிலிட்டுவிட்டு ஆண்டவரைப் பழிதீர்த்தோம் என மகிழ்தல் பேதைமையாகும்.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று பழைய மனைகட்கு உரியவராயும், பள்ளிகள், ஆலயங்கள், விடுதிகளின் பொறுப்பாளராயும் விளங்குகின்றனர். அவர்கட்கு யான் பணிவோடு வேண்டுவன சிலவே. தளம் பழுதுற்றால் பெயர்க்குமுன் ஒருமுறை முழந்தாளிட்டு நோக்குக. ஒழுகும் கூரையை முதலில் அடைக்க. நீர் வரும் வழியை அடைக்காமற் பலகை மாற்றுவது பயனின்று. மறைவான அறையிற் பழைய பலகை உண்டா எனத் தேடுக. பெயர்த்த நல்ல பலகையை விறகுக்குக் கொடாமல் எடுத்து வைக்க. கைவல்ல முதிய தச்சர் உள்ளபோதே இளைஞர் ஒருவரை அவர் அருகில் நிறுத்துக; ஏனெனில் மரம் மறைவதினும் விரைவாக மறைவது அம் மரத்தை அறிந்த கை.

சென்ற மாதம் மாமன் மடல் எழுதியிருந்தார். இவ்வாண்டு வறட்சியிலும் கூடத்துப் பலகைகள் அசையாது கிடக்கின்றனவாம். பாட்டியார் முன்போலவே விளக்கின்றி எழுந்து கூடத்தைக் கடந்து செல்கின்றாராம். ஒட்டு எங்கே இருக்கின்றது என்று அவர் காலுக்குத் தெரியவில்லை. பலகையின் அடியிலோ ஆண்டு பொறித்திருக்கின்றது.

— தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கன் ஒருவன்